தராசுக்கு எல்லாம் ஒன்று

நோன்பு மாதத்தின் மாலை வேளையில் கீழக்கரை இசுலாமிய நண்பர் எவர் இல்லத்திற்கேனும் சென்றவர்கள், சதுரத் துண்டுகளாக வெட்டித் தட்டில் வைக்கப்படும் 'கடற்பாசி' என்னும் குளிர்ந்த இனிப்பைச் சுவைத்திருப்பர். மருத்துவமனைகளில் நோய்க்கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைக்கும் கூழும் ஏறத்தாழ அதே பொருள்தான். அகர் என்பது அதன் பெயர். 1880களின் தொடக்கத்தில், செருமானிய அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கத் தக்க கூழ் கிடைக்காமல் தவித்தபோது, அங்குப் பணியாற்றிய ஒருவரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸே தம் அடுப்படி அனுபவத்திலிருந்து எடுத்துச் சொன்ன யோசனை அது. நோய்களை வென்ற வரலாற்றில் கடலடிப் பாசிக்கும் ஒரு குடும்பத் தலைவிக்கும் பங்கு உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அகர் தரும் பாசிகளுள் ஒன்று நமது மன்னார் வளைகுடாவில் விளைகிறது. அறிவியலார் அதனை ஜெலிடியெல்லா அசெரோசா என்பர். நம் கடற்கரை மக்கள் அதற்கு இட்ட பெயர் மரிக்கொழுந்துப் பாசி. விரல் நீளமே வளரும், கம்பிபோல் விறைத்திருக்கும், இறந்த பவளப் பாறைகளின்மேல் கொத்துக் கொத்தாய்ப் படரும். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று வேறு பாசிகளும் இக்கடலில் உண்டு. எனினும் விலை மிகுந்தது மரிக்கொழுந்தே. மெல்ல வளர்வதும் அதுவே. 1960களின் நடுப்பகுதியிலிருந்து வணிகத்திற்காக இது அள்ளப்பட்டு வருகிறது. அள்ளுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் நீர்க்கண்ணாடியும் இடுப்பில் வலைப்பையுமாக மூச்சடக்கி மூழ்கி, கையால் பறித்து வருகின்றனர். அன்று ஒருவர் ஒரு நாளில் எடுத்த அளவை இன்று எடுக்க முடிவதில்லை என்பது அவர்கள் ஒருமுகமாய்ச் சொல்வது. தொடர்ந்த அறுவடையால் இயற்கைத் திரள் குறைந்திருப்பதை ஆய்வாளர்களும் எழுதியுள்ளனர்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பொறுப்பேற்றிருந்த கடலோரப் பங்கின் மன்றத்தில் இதுபற்றி ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்த இளம் அலுவலர் பொறுமையாகவும் அன்பாகவும் பேசினார். மரிக்கொழுந்து இனம் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்றும், அதன் மரபியல் பல்வகைமை குறைந்துவிடக் கூடாது என்றும், பெண்கள் மிதவைகளில் பாசி வளர்க்கும் தொழிலுக்கு மாறலாம் என்றும் எடுத்துரைத்தார். கூட்டம் கலைந்தபின், அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் நம்மிடம் வந்து நின்றார். பத்து வயதில் தாயோடு கடலில் இறங்கியவர்.

"சாமி, பல்வகைன்னு அந்தப் பிள்ளை சொன்னது என்ன? மரிக்கொழுந்துலயே பல தினுசு இருக்குங்குறதா?"

ஆம், ஏறத்தாழ அதுதான் என்றோம்.

"அது எங்களுக்குத் தெரியாதா சாமி? தீவுக்குப் போகலாம்னு இருந்த காலத்துல நான் எல்லா இடத்துலயும் பறிச்சிருக்கேன். குருசடைப் பாசி வேற, முசல்தீவுப் பாசி வேற. கையில பிடிச்சாலே தெரியும். ஏவாரிகிட்ட கொண்டுபோய்ப் போட்டா, தராசுக்கு எல்லாம் ஒண்ணு."

இந்தச் சொல் நம்மைப் பல நாள்கள் உறங்கவிடவில்லை. ஓர் இனம் அழிவது தீது என்பதை எவரும் ஒப்புவர். ஓர் இனம் அழியாமல் இருக்க, அதற்குள்ளிருந்த தினுசுகள் மட்டும் ஒன்றொன்றாய் மறைந்தால் அதுவும் தீதா? தீதெனில் யாருக்கு? அதைத் தடுக்கும் கடன் யாருடையது?

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினாசின் இறையியற் பெருநூலிலிருந்து முதற்பகுதியின் 47-ஆவது வினாவை எம் பேராசிரியர் ஒருவர் பெரிதும் விரும்பி விளக்குவார். படைப்பில் இத்தனை வேற்றுமை எதற்கு? இறைவனின் நன்மையை ஒரே ஒரு படைப்பினால் நிறைவாகக் காட்ட இயலாது. எனவே ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்புமாறு பலவும் பலவகையுமாகப் படைக்கப்பட்டன என்பது புனிதரின் விடை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலிலும் இக்கருத்தை எடுத்தாண்டார். அதே வினாவின் அடுத்த பகுதியை எடுத்தாள்வோர் குறைவு. அங்கே புனிதர் வேற்றுமையை இரண்டாகப் பிரிக்கிறார். இனத்திற்கும் இனத்திற்கும் உள்ள வேற்றுமை வடிவத்தால் வருவது. ஓரினத்தின் தனி உயிர்களிடையே உள்ள வேற்றுமை பருப்பொருளால் வருவது. பருப்பொருள் வடிவத்தின் பொருட்டே இருப்பதால் முன்னதே மேலானது. அழியும் தன்மையுள்ளவற்றில் ஓரினத்திற்குத் தனி உயிர்கள் பல இருப்பது, அந்த இனம் நிலைபெறும் பொருட்டே.

மாணவராயிருந்த நாம் இதனை ஐயமின்றி ஏற்று, தேர்விலும் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். மரிக்கொழுந்து என்னும் இனம் இருத்தல் வேண்டும். எந்த மரிக்கொழுந்து என்பது ஒரு கேள்வியே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மாமேதையும் பாசி வணிகரின் தராசும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருப்பதை எண்ணி, அன்றிரவு நமக்குச் சிரிப்பே வந்தது.

புனிதரைக் குறைகூறுவது நம் நோக்கம் அன்று. அவர் கூற்றிலேயே ஒரு கதவு திறந்து கிடக்கிறது. தனி உயிர்கள் பலவாயிருப்பதால் இனம் நிலைபெறுகிறது என்கிறாரே, எப்படி நிலைபெறுகிறது? எண்ணிக்கை மட்டுமே காரணமெனில், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொன்றுவிடும். அச்சில் வார்த்த காசுகள் ஆயிரம் இருந்தாலும், அரசு அக்காசு செல்லாது என்று அறிவிக்கும் நாளில் ஆயிரமும் ஒருங்கே மதிப்பிழப்பதைப் போன்றது அது. இரு வேறு மரபுகள் கலந்து பிறக்கும் உயிர்களிலோ மரபணுக்களின் கூட்டு உயிருக்கு உயிர் மாறுகிறது. ஒரு திரளில் சில செடிகள் வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். சில கலங்கல் நீரிலும் பிழைக்கும். சில நோய்க்கு எளிதில் இடங்கொடா. எந்த ஆற்றல் எந்த ஆண்டில் தேவைப்படும் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. திரள் சுருங்கும்போது, மிகச் சிலவற்றில் மட்டும் இருந்த அரிய கூறுகளே முதலில் மறைகின்றன. பின்னர் நல்ல காலம் வந்து, எஞ்சியவை பெருகிப் பாறையை மீண்டும் மூடலாம். பார்ப்பவர்க்கு எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றும். போன கூறுகள் மட்டும் திரும்பி வந்திரா.

அந்த அம்மையாரின் கை அறிந்த வேறுபாடு முழுவதும் பிறப்பு வழி வந்தது என்று சொல்ல நாம் துணியோம். வெயில் நேராக விழும் ஆழமற்ற இடத்தில் பாசி வெளிறிக் கிடக்கும். அலை ஓயாது மோதும் இடத்தில் கட்டையாய் நிற்கும். இடம் மாற்றி நட்டால் இவை மாறவும் கூடும். எது இடத்தால் வந்தது, எது மரபால் வந்தது என்று பிரித்தறிய, இரண்டையும் ஒரே நீரில் அருகருகே வளர்த்து நோக்க வேண்டும். மரபணுக்களையும் ஒப்பிட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மரிக்கொழுந்து படர்ந்து பரவும் இயல்பினது. ஒரு பாறையில் நூறு கொத்தாகத் தோன்றுவது உண்மையில் ஒரே செடியாகவும் இருக்கலாம். ஆகவே நூறு கொத்துகளைக் காப்பதும் நூறு செடிகளைக் காப்பதும் ஒன்றாகிவிடா. இவையெல்லாம் ஆய்வாளர் தீர்க்க வேண்டியவை. ஆயினும் இரண்டு தீவுகளின் பாசி வேறு வேறு என்று பறிக்கும் கை கண்டுகொண்டதை, எடைபோடும் கை ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கவே இல்லை என்பதும் உண்மை.

எண்ணிக்கை வேறு, பன்மை வேறு என்பதற்கான சான்று நம் கடலிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. மிதவையில் வளர்க்கலாம் என்று அலுவலர் சொன்ன பாசி, காப்பாஃபைகஸ் ஆல்வரெசி என்பது. பிலிப்பைன்சில் பிறந்தது, 1984-இல் ஜப்பான் வழியாக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது, குசராத்தின் ஓக்கா கடலில் சோதிக்கப்பெற்று, பின்னர் மண்டபத்திற்கு வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் குளிர்பான நிறுவனம் ஒன்று அதனை வணிகப் பயிராக்கியதால் மக்கள் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயரிட்டுவிட்டனர். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விட்டால், 45 நாள்களில் பன்மடங்காகப் பெருகும். அதிலிருந்தே சில துண்டுகளை ஒடித்து அடுத்த பயிருக்கு நாற்றாகக் கட்டுவர். இத்தொழிலை நாம் குறைத்துப் பேச மாட்டோம். அந்த மிதவைகளின் வருவாயில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகளை நாம் அறிவோம்.

ஆனால் ஒடித்து நட்டு, ஒடித்து நட்டு வருவதில் புதிய பிறப்பு எதுவும் இல்லை. உலகின் பண்ணைகளில் வளரும் இப்பாசியின் பெரும்பகுதி, 1970களில் தென் பிலிப்பைன்சில் பயிரிடப்பட்ட மிகக் குறுகிய மூலத்திலிருந்து வந்தது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. கடல் கொள்ளாத அளவு பாசி. உள்ளே பார்த்தால் ஒரு சில செடிகளின் நீட்சி. 2013, 2014 ஆண்டுகளில் நம் கரையோரக் கடல் மிகையாக வெப்பமுற்றபோது மிதவைப் பாசி பெருமளவில் மடிந்தது. மிதவையையே நம்பியிருந்த பெண்கள், கைவிட்டு வந்த மரிக்கொழுந்துப் பாறைகளை மீண்டும் தேடிச் சென்றனர். இதில் ஒரு முரண் உண்டு. மிதவையில் மடிந்த அதே பாசி, தப்பிச் சென்ற இடத்தில் வேரூன்றிவிட்டது. குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் அது படர்ந்து அவற்றை மூச்சடைக்கச் செய்வதை மதுரை ஆய்வாளர்கள் 2008-இலேயே எழுதியிருந்தனர்.

இவ்வழியில் நமக்கு முன்பே நெடுந்தூரம் சென்ற நாடு ஜப்பான். அங்கே சோற்றைச் சுற்றி உண்ணும் நோரி என்னும் பாசித்தாள் நாம் அறிந்ததே. எடோ காலத்தில் டோக்கியோ வளைகுடாவில் விளைந்த அசாகுசா நோரி அதில் பேர்பெற்றது. நூற்றாண்டுகளாக அதனைப் பயிரிட்டவர்களுக்கும் அதன் வித்து கோடையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. 1949-இல் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கேத்லீன் ட்ரூ, கிளிஞ்சல் ஓட்டுக்குள் துளைத்து வாழும் வேறோர் உயிர் என்று எல்லாரும் எண்ணியிருந்த செந்நிற இழை, இவ்வகைப் பாசியின் இளமைப் பருவமே என்று கண்டு வெளியிட்டார். ஜப்பானின் நோரித் தொழில் அக்கண்டுபிடிப்பால் புத்துயிர் பெற்றது. அங்குள்ள மக்கள் 1963-இல் அவருக்கு நினைவுச் சின்னமே எழுப்பினர். ஜப்பான் மண்ணை ஒருமுறைகூட மிதிக்காத பெண்மணி அவர்! வித்தைக் கைக்குள் கொண்டுவந்த பிறகு, விரைந்து வளரும் வேறொரு நோரி இனம் பண்ணைகளைப் பிடித்துக்கொண்டது. கழிமுகங்களும் தூர்க்கப்பட்டன. பழைய அசாகுசா நோரி இன்று அந்நாட்டு அரசின் அழிவுநிலைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நோரி உண்பவர் எவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. தட்டு நிறைந்தே இருக்கிறது.

தட்டு நிறைந்திருக்கும்வரை இதில் அறநெறிச் சிக்கல் எங்கே வந்தது என்று கேட்போர் உளர். அவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, நாளை இத்தினுசுகளுள் ஒன்றிலிருந்து மருந்து கிடைக்கலாம், வெப்பம் தாங்கும் நாற்று கிடைக்கலாம் என்பது. விடை உண்மையே, நாமும் மேலே அதனைச் சொன்னோம். ஆயினும் அது போதாது. என்றாவது பரிசுச்சீட்டு விழலாம் என்ற கணக்கில் ஏழை உறவினருக்குச் சோறிடுவதைப் போன்றது அந்த மரியாதை. பாசிக்கு உரிமை உண்டு என்று வாதிடவும் நமக்கு விருப்பமில்லை. உரிமை என்ற சொல்லை அவ்வளவு தூரம் இழுத்தால் அது கிழிந்துவிடும்.

பழைய அறநெறி இறையியல் நூல்களில் இரண்டு பாடங்கள் உண்டு. இன்று அவற்றைப் படிப்பவர் குறைவு. ஒன்று, ஈடுசெய்தல். பிறர் பொருளை எடுத்தவன் வருந்தினால் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும். தூர்த்த கிணற்றைத் தோண்டித் தரலாம்; இடித்த சுவரைக் கட்டித் தரலாம். மறைந்த மரபுக்கூற்றை எவராலும் செய்து தர இயலாது. ஈடுசெய்ய இயலாத இழப்பை விளைவிக்குமுன் வேண்டிய எச்சரிக்கை, மற்ற எல்லாவற்றிலும் வேண்டிய எச்சரிக்கையினும் மிகுதியாக இருக்க வேண்டும் அல்லவா? மற்றொன்று வேடனின் பாடம். புதரில் அசைவது மானா, மனிதனா என்ற ஐயம் இருக்கும்வரை அம்பு எய்யக் கூடாது. ஐயம் அவனுக்குச் சாதகமாகாது. மரிக்கொழுந்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்பது நமக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. தெரியாதது ஒன்றும் இல்லாததாகிவிடாது.

இதைத்தான் அடுத்த வாரம் அந்த அம்மையாரிடம் நமக்கு இயன்ற எளிய சொற்களில் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்:

"சரிதான் சாமி. ஐயமா இருந்தா எய்யக் கூடாது. நாங்கதான் மாசத்துல பன்னெண்டு நாளுக்கு மேல கடலுக்கு இறங்குறதில்லையே. மத்த நாளெல்லாம் ஒருசந்தி. எங்களத் தவிர வேற யாரு ஒருசந்தி இருக்காக, சொல்லுங்க?"

அவர் சொன்னது மெய். பாம்பன் பகுதிப் பெண்கள் தாமே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் மட்டும் பாசி பறிப்பது என்று கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. பெண்களிடம் குற்றமே இல்லை என்பது நம் வாதம் அன்று. அடிப்பகுதியை விட்டுப் பறித்தால் பாசி மீண்டும் துளிர்க்கும். அவசரத்தில் அடியோடு பிடுங்குபவரும் உண்டு. அவர்களே அதை ஒப்புவர். ஆனால் வேடனின் பாடத்தைச் சொல்லும்போது, அம்பு எத்தனை கைகளில் இருக்கிறது என்று பார்த்துவிட்டன்றோ சொல்லியிருக்க வேண்டும்? அதை நாம் செய்யத் தவறினோம். இக்கடலை வெப்பமூட்டும் புகை இப்பெண்களின் அடுப்பிலிருந்து எழுவதன்று. 2016-இல் பவளங்கள் வெளுத்து மடிந்தது அவர்கள் செயலால் அன்று. 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவான பின்னும், சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறைகள் வெட்டப்பட்டே வந்தன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகே அது படிப்படியாக ஓய்ந்தது. பாறை போனால் அதன்மேல் முளைத்த பாசி எங்கே தங்கும்? தீவுக்குள் காலடி வைக்கக் கூடாது என்ற ஆணையோ முதலில் எட்டியது பாசிப் பையோடு நின்ற பெண்ணை.

காக்கும் கடன் எல்லார்க்கும் உரியதெனில் ஒருசந்தியும் எல்லார்க்கும் உரியதாக வேண்டும். வணிகர், அடி சேராமல் ஒடித்த பாசிக்குக் கூடுதல் விலையும் பிடுங்கிய பாசிக்கு மறுப்பும் காட்டினால், எந்தக் காவலரும் இன்றிப் பாதிச் சிக்கல் தீரும். பறிக்காத நாள்களுக்கு ஒரு படி, கடலில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்க்குக் கிடைப்பதுபோல், இப்பெண்களுக்கு ஏன் கூடாது? இராமநாதபுரம் மாவட்டத்தில் பாசிப் பூங்கா அமைக்கும் திட்டத்திற்கு, நடுவண் அரசு 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்புச் செய்தது. அங்கே வந்த பாசிக்கு இருக்கும் இடத்தில் பிறந்த பாசிக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம். மரிக்கொழுந்தைப் பவளக் கற்களிலும் கயிறுகளிலும் கட்டி வளர்க்கும் சோதனைகள் மண்டபத்தில் நடந்தே இருக்கின்றன. மெல்ல வளர்வதால் இலாபம் குறைவு என்பது தடை. ஆனால் இலாபம் ஒன்றே அளவுகோல் என்றால் அதுவும் தராசின் பேச்சாகிவிடும்.

ஆய்வு நிலையங்களில் பாசி வகைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் உயிரோடு பேணி வருகிறார்கள் என்ற செய்தியை நாம் ஆறுதலாகச் சொன்னபோது அம்மையாரின் முகம் மலர்ந்தது.

"எந்த இடத்துப் பாசின்னு குப்பியில எழுதி ஒட்டியிருப்பாகளா சாமி?"

எழுதியிருப்பார்கள் என்றோம்.

"தீவுக்குப் பேரு இருக்கு, எழுதிரலாம். தண்ணிக்குள்ள கெடக்குற பாருக்கு?"

கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பது இக்கரை வழக்கு. ஒவ்வொரு பாருக்கும் பெண்கள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும், அப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதும் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மன்றத்தின் வரவு செலவு நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினோம். கண்களை மூடிக்கொண்டு, கரையிலிருந்து நீந்திச் செல்லும் வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். பதினேழு பெயர்கள் வந்தன. எழுதி முடித்த பிறகு நோட்டை வாங்கி, தமக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் எந்த வரியில் எந்தப் பார் என்று நம்மிடம் கேட்டுக் கேட்டு, ஐந்து வரிகளின்மேல் விரலை வைத்தார். அவற்றில் இப்போது பாசி இல்லை என்றார்.